களை முளைக்காத வாசல்

என் வீட்டுக்காரரைச் சொந்தப் பெயர் சொல்லி விசாரித்தால் கல் கடையில் ஒருவருக்கும் தெரியாது. "யாரு, ஒரேதடவையா? இப்பதான் லோடு ஏத்திட்டுப் போனாரு" என்பார்கள். நர்சரியிலும் அதே கதைதான். வேலை பேசப் போகிற வீட்டிலெல்லாம் இவர் ஒரே வசனத்தை ஒப்பிப்பார்: "ஒரே தடவை செலவு பண்ணுங்க. அதுக்கப்புறம் என்னைக் கூப்பிடவே மாட்டீங்க." கேட்டுக் கேட்டு எனக்கே தூக்கத்தில் வரும்.

தொழில் இதுதான். வீட்டுக்கு முன்னால் பழைய பாணித் தோட்டம் ஒன்று இருக்கும். பாதி காய்ந்த புல்தரை, பாதையை விழுங்கிவிட்ட வேலிச்செடி, சாய்ந்து கிடக்கும் செங்கல் வரப்பு, வேர் தூக்கிவிட்ட தரைக்கல். அங்கே இருப்பவர்களுக்கு வயதாகியிருக்கும், அல்லது நேரம் இருக்காது, அல்லது சோம்பேறித்தனம். இவர் போய் எல்லாவற்றையும் பெயர்த்து எறிந்துவிட்டு, மண்ணைத் தோண்டி, தண்ணீர் தெருப் பக்கம் வடியச் சரிவு கொடுத்து, களை வராமல் தடுக்கிற கறுப்புத் துணியை விரித்து, மேலே ஜல்லியும் கூழாங்கல்லும் பரப்புவார். நட்டுவிட்டு மறந்துவிடலாம் என்கிற மாதிரி தடித்த இலைச் செடிகள் நாலைந்து வைப்பார். அவற்றுக்குத் தண்ணீர் சொட்ட ஒரு மெல்லிய குழாய், அதைத் திறந்து மூட ஒரு டைமர். அவ்வளவுதான், மனிதக் கை படாமலே அந்த வாசல் கிடக்கும்.

போன் என்னிடம்தான் இருக்கும். இவர் கை எப்போதும் சேறும் சிமெண்டுமாக இருப்பதால் அப்படி ஒரு ஏற்பாடு. முடித்துக் கொடுத்த வீட்டிலிருந்து எனக்கு மறுபடி போன் வந்ததே கிடையாது. குழாய் அடைத்துக்கொண்டது, கல் ஆடுகிறது, புல் முளைத்துவிட்டது என்று ஒரு புகார் கிடையாது. இவருக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. "மத்தவங்க எல்லாம் வாடிக்கையாளரைப் பிடிச்சு வெச்சுக்கறாங்க, நீங்க மட்டும்தான் துரத்தி விடறீங்க" என்று நான் சொல்லிக் காட்டுவேன். சிரித்துக்கொண்டே கடப்பாரையைக் கழுவப் போய்விடுவார்.

பெருமையிலும் பெருமை டீச்சர் வீட்டு வாசல். அவர் கணக்கு டீச்சர், ஓய்வு பெற்றவர், தெருக்கோடி வீட்டில் தனியாக இருந்தார். ஒரே மகன் வெளிநாட்டில். வேலை பேசப் போன அன்று நானும் கூடப் போயிருந்தேன். டீச்சர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, வகுப்பில் நிற்பது போலவே நின்றுகொண்டு கேட்டார்.

"என் முட்டி மடங்க மாட்டேங்குது. இனிமே நான் குனியவே கூடாது. நான் ஒண்ணுமே பண்ணலைன்னாலும் இது இப்படியே இருக்கணும். முடியுமா, முடியாதா?"

"முடியும் டீச்சர். நீங்க பாட்டுக்கு உள்ள உக்காந்திருங்க. வாசல் தன்னைத்தானே பாத்துக்கும்."

சொன்னபடியே செய்தார். வாசலில் ஒரு பெரிய மரம் இலையைக் கொட்டிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர், தன் சாக்கடை அடைத்துக்கொள்கிறது என்று சண்டைக்கு வருவாராம். இவர் மரத்தை வெட்டி, வேரையும் தோண்டி எடுத்தார். தபால் தரையில் விழுந்து நனைகிறது என்று டீச்சர் சொன்னதற்காக, கேட் தூணுக்குள்ளேயே ஆழமாக ஒரு தபால்பெட்டி கட்டினார். அதில் கையை விட்டால் தோள் வரை போகும். பாதையோரம் இருட்டினால் தானே எரிகிற சூரிய விளக்குகள். கேட்டில் சின்னதாக ஒரு தகரப் பலகை, அதில் எங்கள் தொலைபேசி எண். முடிந்த அன்று டீச்சர் பாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்துவிட்டு, "நூத்துக்கு நூறு" என்றார். இவர் அன்றைக்குச் சாப்பிடக்கூட மறந்துவிட்டார்.

அதற்குப் பிறகு யார் வேலை கேட்டு வந்தாலும் அங்கேதான் அழைத்துப் போவோம். படம் காட்டுவதைவிட நேரில் காட்டினால் பேச்சு சுலபமாக முடியும். முதல் தடவை டீச்சரே எழுந்து வந்து வந்தவர்களுக்கு விளக்கம் சொன்னார். அடுத்த தடவை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இவர் கையை ஆட்டினார், அவரும் ஆட்டினார்.

என் நாத்தனாருக்கு ஆசை வந்ததும் அந்த வாசலைப் பார்த்துத்தான். நாத்தனார் என்றால் இவருடைய அக்கா. புருஷன் போன பிறகு நாலு தெரு தள்ளித் தனியாக இருக்கிறார். பிள்ளை குட்டி இல்லை. இவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். என்னைப் பொறுத்தவரை, கல்யாணத்தன்றே நான் நடக்கிற நடையைக் குறை சொன்னவர். வாய் திறந்தால் வெடிதான். எங்களோடு வந்து இருக்கச் சொல்லி இவர் கேட்காத நாளில்லை.

"உன் பொண்டாட்டி சமையலைத் தின்னுட்டு நான் சீக்கிரம் போய்ச் சேரணுமா?" என்பார் நாத்தனார். "அதெல்லாம் வேணாம். டீச்சர் வீட்டு வாசல் மாதிரி எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு. இந்தப் புல்லு வெட்டியே என் முதுகு போச்சு."

"மழை முடியட்டும்க்கா."

மழை முடிகிற சமயத்தில் பல் டாக்டரும் அவர் மனைவியும் வேலை கேட்டு வந்தார்கள். வழக்கம் போல டீச்சர் வீட்டுக்கு அழைத்துப் போனோம். வானம் மூட்டமாக இருந்ததில், பகலிலேயே பாதை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அவ்வளவு மழை பெய்தும் ஒரு களை இல்லை, ஒரு சருகு இல்லை, கல்லெல்லாம் கழுவி வைத்தது போல இருந்தது. மரம் இல்லாததால் பறவைச் சத்தமும் இல்லை. நாங்கள் பேச்சை நிறுத்தினால் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. தடித்த இலைச் செடிகள் நன்றாகக் கொழுத்திருந்தன. இவர் குனிந்து துணியின் ஓரத்தைத் தூக்கிக் காட்டி, அடியில் எப்படி ஒரு புழுகூட இல்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

ஜன்னலில் வலைத்திரை போட்டிருந்தது. அதற்குப் பின்னால் நாற்காலியில் டீச்சர் இருந்தார். இவர் கையை ஆட்டினார்.

டாக்டர் மனைவி என் பக்கம் சாய்ந்து, "அந்தம்மா நம்மளையே பாத்துக்கிட்டு இருக்காங்க. ஒரு வார்த்தை பேசலாம்ல?" என்றார்.

"கண்ணு அசந்திருப்பாங்க. எழுப்ப வேணாம்" என்றார் இவர்.

டாக்டர் மனைவிக்கு வாசல் பிடித்திருந்தது. ஆனால் கேட்டைத் தாண்டியதும் தன் இரண்டு கைகளையும் தேய்த்து விட்டுக்கொண்டார். "என்னமோ குளிருதுங்க" என்றார். எனக்கு ஒன்றும் குளிரவில்லை. பணக்கார வீட்டு உடம்பு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் தொழிலின் முதல் புகார் போன், வெயில் அடிக்கத் தொடங்கிய பிறகு வந்தது. பேசியவர் தபால்காரர்.

"கேட்டுல உங்க நம்பர் போட்டிருந்துச்சும்மா. இந்தக் கோடி வீட்டுத் தபால்பெட்டி ரொம்பிருச்சு. ஒரு கவரு கூட உள்ள போக மாட்டேங்குது. என்னன்னு வந்து பாருங்க."

"ரொம்பிருச்சா? அதுல எவ்வளவு போடலாம் தெரியுமா?" என்று சண்டைக்குப் போகிறவள் போலக் கேட்டேன். கேட்ட பிறகுதான், இத்தனை நாளாக அதை யாரும் எடுக்கவில்லை என்பது உறைத்தது. இவரிடம் சொன்னேன். இவர் கையைக்கூடக் கழுவவில்லை.

போய்ச் சேர்ந்தபோது வாசல் எப்போதும் போல இருந்தது. அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. ஏதாவது ஒன்று கெட்டுப்போயிருக்கக் கூடாதா? ஒரு செடி வாடியிருக்கக் கூடாதா? நாங்கள் கேட்டைத் திறக்கும்போது டைமர் 'டக்' என்று சத்தம் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டது. ஜன்னலில் டீச்சர் இருந்தார். இவர் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கினார். பாதி தூக்கிய கை அப்படியே நின்றது.

கதவைத் தட்டினோம். பிறகு இவர் கூழாங்கல் மேல் ஏறி ஜன்னலுக்குப் போய், கண்ணாடியில் நெற்றியை வைத்து, இரண்டு கையாலும் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உள்ளே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். திரும்பி வந்து தான் போட்ட வரப்புக் கல்லிலேயே உட்கார்ந்தார்.

"நீ பாக்காத" என்றார். "டீச்சர் போயி ரொம்ப நாளாச்சு."

பக்கத்து வீட்டுக்காரர்தான் போலீசுக்குப் போன் செய்தார். பிறகு தெருவே வந்து கேட்டில் நின்றது. ஆனால் யாருமே உள்ளே வந்து அந்தக் கல்லில் கால் வைக்கவில்லை.

"வாசல் பளிச்சுனு இருந்துச்சே. நல்லாத்தான் இருக்காங்கன்னு நெனச்சோம்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "நடுவுல ஒரு வாரம் ஏதோ வாடை வந்துச்சு. எலின்னு நெனச்சு மருந்து வெச்சோம்."

மகனிடம் பேசினார்கள். அம்மாவுக்கும் அவருக்கும் ஏதோ மனஸ்தாபமாம். போனை எடுக்காததால் இன்னும் கோபமாக இருக்கிறார் என்று நினைத்து விட்டுவிட்டாராம். கரண்டு, தண்ணீர் எல்லாவற்றுக்கும் வங்கியிலிருந்தே பணம் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

வந்த போலீஸ்காரர் வாசலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து கேட்டார். "தோட்டம் இவ்வளவு சுத்தமா இருக்கே. இத்தனை நாளா யாரு பாத்துக்கிட்டது?"

"யாரும் இல்ல சார்" என்றார் இவர். "அதுக்குத்தான் அப்படிப் போட்டேன்."

போலீஸ்காரருக்கு அந்தப் பதில் புரிந்ததா என்று தெரியவில்லை. மழை தொடங்கும் முன்பே உயிர் போயிருக்க வேண்டும் என்று பிறகு சொன்னார்கள். அப்படியென்றால் நாங்கள் பல் டாக்டரோடு நின்று கல்லின் பெருமை பேசியபோது, அதற்கு முன் மழைக்கு நடுவில் இன்னொரு குடும்பத்தை அழைத்துப் போய்க் காட்டியபோது, எல்லாம் டீச்சர் அங்கேதான் இருந்திருக்கிறார். "கண்ணு அசந்திருப்பாங்க" என்று சொன்ன வாயால் இவர் பல நாள் என்னோடுகூடப் பேசவில்லை.

பேச ஆரம்பித்தபோது வேறு மாதிரி ஆகியிருந்தார். புது வேலை எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு, இதுவரை போட்ட வாசல்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கினார். தனியாக விட பயந்து நானும் ஏறிக்கொண்டேன். "சும்மா குழாய் பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்று கதவைத் தட்டுவோம். "நாங்க கூப்பிடலையே" என்பார்கள். இன்னும் பணம் பிடுங்க வந்துவிட்டோமோ என்கிற பார்வை. யார் எப்படிப் பார்த்தால் என்ன, ஆள் கதவைத் திறந்துவிட்டால் போதும், இவர் முகத்தில் உயிர் வரும்.

அப்போதுதான் நான் அந்தத் தெருக்களைச் சரியாகப் பார்த்தேன். பாதி வீடுகள் இவர் கைவண்ணம். ஒரே வெள்ளை ஜல்லி, ஒரே தடித்த இலை, ஒரே சாம்பல் நிறத் தரைக்கல். தண்ணீர் வாளியோடு ஒருவர் இல்லை, துடைப்பத்தோடு ஒருவர் இல்லை. முன்பெல்லாம் அந்தத் தெருக்களில் எந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று வாசலே சொல்லிவிடும். இப்போது ஒரு வாசலும் வாயைத் திறப்பதில்லை.

ஒரு வீட்டின் முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு இவர் கேட்டார். "உள்ள ஆளு இருக்காங்களா, இல்லையா? இங்கிருந்தே பாத்துச் சொல்லு பாப்போம்."

பார்த்தேன். ஜன்னல் மூடியிருந்தது. செடிகள் பச்சையாக இருந்தன. எத்தனை நேரம் பார்த்தாலும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "எனக்கு பயமா இருக்குங்க, போய்த் தட்டுங்க" என்றேன். தட்டினோம். உள்ளே எங்கேயோ ஒரு கதவு, பிறகு இன்னொரு கதவு, மெதுவாக இழுத்து இழுத்து வருகிற செருப்புச் சத்தம். அந்தப் பெரியவர் கதவைத் திறந்து "என்ன?" என்று எரிந்து விழுந்தபோது நான் அவரைக் கட்டிப்பிடிக்காத குறைதான்.

இதற்கிடையில் நாத்தனார் விடுவதாக இல்லை. டீச்சர் விஷயம் அவருக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டார்.

"அவங்க செத்ததுக்கு நான் புல்லு வெட்டிக்கிட்டே இருக்கணுமா? ஊருக்கெல்லாம் போட்டுக் குடுத்த, கூடப் பொறந்தவளுக்குன்னா மட்டும் உனக்குக் கை வராது."

"எங்க வீட்டுக்கே வந்துடேன்க்கா."

"மறுபடி ஆரம்பிக்காத. போடுவியா மாட்டியா?"

இவர் ஒரு நாள் கடப்பாரையை எடுத்தார். வேலிச்செடியைப் பிடுங்கினார், சரிவு கொடுத்தார், துணி விரித்தார், கல் பரப்பினார். தபால்பெட்டி மட்டும் கட்டவில்லை. எல்லாம் முடிந்த பிறகும் தெருவோரமாக ஒரு பாய் அகலத்துக்குப் பழைய புல்லை அப்படியே விட்டுவிட்டார். புதுச் சட்டையில் பழந்துணியை ஒட்டுப்போட்ட மாதிரி, பார்க்கவே அசிங்கமாக இருந்தது. தொழிலில் இவர் செய்த ஒரே அரைகுறை வேலை அது.

"இது என்னடா கண்றாவி?"

"அது அடுத்த மாசம் முடிச்சுத் தர்றேன்."

அடுத்த மாதமும் வந்தது, அதற்கு அடுத்ததும் வந்தது. புல் வளர்ந்தது. நாத்தனார் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கத்திரியால் அதை வெட்டினார். வெட்டி முடிக்கும் வரை எங்கள் இரண்டு பேரையும் தெருவுக்கே கேட்கிற மாதிரி திட்டினார். எதிர்வீட்டு அம்மாவிடம் இவர் ரகசியமாகச் சொல்லி வைத்திருந்தார், புல் முழங்கால் உயரம் வந்தால் எங்களுக்குப் போன் செய்ய வேண்டும் என்று. எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆனால் நாத்தனார் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதைப் பார்க்கையில் மனசு கேட்கவில்லை. எனக்கும் அவருக்கும் ஆகாதுதான், அதற்காக முதுகுவலி ஆகுமா?

ஒரு நாள் இவர் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். "அண்ணி, கோவிச்சுக்காதீங்க. அது மறந்து விட்டது இல்ல. வேணும்னேதான் விட்டிருக்காரு. புல்லு வெட்டாம வளந்தா, உங்களுக்கு ஏதோ ஆயிருச்சுன்னு தெருவுக்குத் தெரியும். எதிர்வீட்டம்மா போன் பண்ணுவாங்க."

நாத்தனார் கத்திரியைக் கீழே வைத்தார். அவர் பதில் சொல்லத் தாமதித்து நான் பார்த்ததே இல்லை. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. கத்தப் போகிறார் என்று நினைத்தேன். ரொம்ப மெதுவாகத்தான் பேசினார்.

"புல்லு முழங்கால் உயரம் வளர எவ்வளவு நாளாகும்டா?"

இவர் அந்தப் புல்லையே பார்த்தார்.

"உனக்குத் தெரியாததா? சொல்லு. அத்தனை நாளு நான் உள்ள கெடக்கணும். அப்புறம் புல்லு எதிர்வீட்டுக்காரிகிட்ட சொல்லணும், அவ உன் பொண்டாட்டிகிட்ட சொல்லணும், இவ உன்கிட்ட சொல்லணும். அப்புறம் நீ வருவ." மூச்சு வாங்கியது அவருக்கு. "நாலு தெரு தள்ளி இருக்க. கதவைத் தட்ட உனக்குக் கை இல்லையா தம்பி?"

இவர் அந்த முக்காலியின் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். கல்யாணமான நாளிலிருந்து இவர் அழுது நான் பார்த்ததில்லை. நாத்தனார் எட்டி இவர் தலையில் கை வைத்தாரே தவிர, ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் அழுதேன், ஒளிக்க என்ன இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று நாங்கள் கூப்பிட்டதெல்லாம் எங்கள் நிம்மதிக்காகத்தான். தினம் நாங்கள் அங்கே போகலாம் என்பது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் உதிக்கவே இல்லை.

அன்று சாயங்காலத்துக்குள் இவர் அந்தப் புல்லைப் பெயர்த்து எடுத்து, துணி விரித்து, கல் பரப்பி முடித்தார். இப்போது அந்த வாசலும் மற்ற வாசல்களைப் போலத்தான் இருக்கிறது. களை இல்லை, சருகு இல்லை, உள்ளே யார் எப்படி இருக்கிறார்கள் என்று அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

இவர் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். தினமும் காலையில் அதற்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் அங்கே போகிறோம். இவர் கதவைத் தட்டுவார். நான் பின்னால் நிற்பேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் தெருவில் வேறு எந்தச் சத்தமும் இல்லாதது போல இருக்கும். இவர் கை தட்டிய இடத்திலேயே கதவின் மேல் இருக்கும். கூழாங்கல்லைப் பார்ப்பேன், செடியைப் பார்ப்பேன், ஒன்றும் பிடிபடாது. நாத்தனாருக்குக் காது கொஞ்சம் மந்தம், முட்டியும் சரியில்லை, எழுந்து வர நேரமாகும். அதெல்லாம் தெரிந்தும் மனசு கேட்பதில்லை. பிறகு உள்ளேயிருந்து, "வர்றேன்டா, கதவை உடைச்சுப்புடாத! அவளும் வந்திருக்காளா, தூங்குமூஞ்சி?" என்று குரல் வரும். அந்தத் திட்டைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.